கடைசியில் ஒரு சொடக்கு

உக்காருங்க சார், உக்காருங்க. எதிர்த்த சலூன்ல இடம் பத்தாம ஆளுக பெஞ்சியில நெருக்கிக்கிட்டு இருக்காங்க, இங்க ஒரு ஈ காக்கா இல்லையேன்னு வாசல்ல நின்னு யோசிச்சீங்கள்ல, அப்பவே பார்த்துட்டேன். வெளியூரு. உள்ளூர்க்காரன்னா இந்தப் படியில கால் வைக்க மாட்டான், ரோட்டை மாறி நடப்பான். பஸ்ஸு நின்னுபோச்சோ? எந்த வண்டி, ராஜபாளையமா? அட, நல்ல வண்டிதான் பிடிச்சீங்க. டிரைவர் ஸ்டெப்னி டயரை இறக்கிப் போட்டுட்டு ஜாக்கியை யார்கிட்டயோ கடன் கேட்டுக்கிட்டு நிக்காரு பாருங்க. இப்போதைக்குக் கிளம்பாது. அதுக்குள்ள முகத்தைப் பளிச்சுன்னு ஆக்கி விட்டுருதேன்.

பிளேடு புதுசு. உங்க கண்ணு முன்னாலதான் பிரிக்கேன்.

தலையைச் சாச்சுக்கிடுங்க. பயப்படாதீங்க, சாய்க்க மட்டுந்தான் சொல்லுதேன். இந்தக் கடையில இனிமே யாரு கழுத்தையும் பிடிச்சுத் திருப்ப மாட்டேன்னு மக கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஷேவிங், கட்டிங், டை அடிக்கது, அவ்வளவுதான். நான் சத்தியம் பண்ணிட்டேன்னா அதுல நிப்பேன். எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

எதைப் பாக்கீங்க? கண்ணாடிக்கு மேல அந்த வெள்ளைத் திட்டையா? ஆமா, சுவரு பூரா நீலம், அந்த இடம் மட்டும் வெள்ளை. நல்லா உத்துப் பாருங்க, எழுத்து அடியில லேசாத் தெரியும். ‘தலைச்சுற்று இங்கு குணமாக்கப்படும். கோமதிநாயகம்.’ நான்தான் கோமதிநாயகம். பெயிண்டரைக் கூட்டியாந்து சிவப்பு மையில எழுதினது. அழிச்சது யாரு? என் மக. பெத்த மக. வாளியில சுண்ணாம்பைக் கரைச்சு, இந்தா நீங்க உக்காந்திருக்கிற இதே சேர் மேல ஏறி நின்னு அவளே அடிச்சா. ரோட்டுல போறவன் வாரவன்லாம் நின்னு பாக்கான். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

சொல்லுதேன். நீங்க யாரோ எவரோ, அதனால உங்க கிட்ட சொல்லலாம். கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

போன மாசி மாசம் ஆரம்பிச்சது. எம் பொஞ்சாதி பேரு ஆவுடை. ஒரு நோய் நொடின்னு படுத்தவ இல்ல. ஒருநாள் விடியக்காலம் கட்டில்ல வலது பக்கமாப் புரண்டவ, ‘அய்யோ, வீடு சுத்துதே, என்னைப் பிடிங்க, என்னைப் பிடிங்க’ன்னு ஒரே கத்து. வீடு எங்கட்டி சுத்துது, அது போட்ட இடத்துலதான் இருக்குங்கேன். அவ கட்டில் சட்டத்தைப் பிடிச்ச பிடியை விடலை. வாந்தி. கொஞ்ச நேரத்துல அடங்கிப்போச்சு. எந்திரிச்சா, நடந்தா, அடுப்பு பத்த வச்சா. மறுநாளும் அந்தப் பக்கம் புரண்டதும் அதே கதை. பரண்ல இருக்கிற டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தா அதே கதை. பித்தம்னு இஞ்சிச் சாறு குடுத்தேன். கோயில் புத்துமண்ணைக் கரைச்சு நெத்தியில போட்டேன். எங்க ஊரு புத்துமண்ணுக்குத் தீராதது இல்லைம்பாங்க. இது தீரலை.

மக செண்பகம் ராஜபாளையத்துல இருக்கா, பேண்டேஜ் துணி நெய்யுற கம்பெனியில வேலை. அவதான் போனு மேல போனு போட்டு, திருநெல்வேலியில ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னா. தலை சுத்துறதுக்குக் காது டாக்டரா, கால்ல முள்ளு குத்தினா மூக்கைக் காட்டுவியான்னு சத்தம் போட்டேன். அப்புறம் போனோம்.

டாக்டரம்மாவுக்கு என் மக வயசுதான் இருக்கும். ஆவுடையைக் கட்டில்ல உக்கார வச்சா. தலையை வலது பக்கமா லேசாத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, ‘கண்ணை மூடாதீங்கம்மா, என் மூக்கையே பாருங்க’ன்னு சொல்லிட்டு, சட்டுன்னு பின்னால படுக்க வச்சுட்டா. தலை கட்டில் விளிம்புக்கு வெளியில தொங்குது சார், டாக்டர் கையில. ஆவுடைக்குக் கண்ணு ரெண்டும் படபடன்னு துடிக்கு. அவ அலறுதா. டாக்டரம்மா அசையலை. அந்தக் கண்ணையே பாக்கா. ‘இப்பச் சரியாயிரும், இப்பச் சரியாயிரும்’ங்கா. அடங்கின பிறகு தலையை மெதுவா இடது பக்கம் திருப்பினா. பொறுத்திருந்தா. அப்புறம் உடம்பையே ஒருக்களிச்சுப் புரட்டி, மூஞ்சி தரையைப் பாக்கிற மாதிரி வச்சா. பொறுத்திருந்தா. எந்திரிச்சு உக்கார வச்சா. முடிஞ்சது. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. திரும்பப் படுக்க வச்சுப் பார்த்தா, சுத்தல் இல்ல.

காதுக்குள்ள பொடி பொடியாச் சுண்ணாம்புத் துகள் இருக்குமாம். அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு நழுவி வேற குழாய்க்குள்ள விழுந்துட்டா, தலையை அசைக்கும்போதெல்லாம் அங்க உருளுமாம். நாமளே சுத்துறோம்னு மூளை நம்பிக்கிடுமாம். தலையை இந்த மாதிரி திருப்பித் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்கே உருட்டி விட்டுரணும். அவ்வளவுதான் வைத்தியம்.

நான் அந்த அம்மா கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். எங்க சனத்துக்கே மருத்துவர்னு ஒரு பேரு உண்டு, கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க அப்பா கட்டி கீறி மருந்து வச்சவரு. எங்க அத்தை இந்த வட்டாரத்துல பாதிப் பிள்ளைகளுக்குப் பேறு பார்த்தவ. கை சும்மா இருக்குமா? நான் பாட்டுக்கு நின்ன இடத்துலயே காத்துல ஒரு தலையைப் பிடிச்சுத் திருப்பிக்கிட்டு இருந்திருக்கேன். டாக்டரம்மா பார்த்துட்டுச் சிரிச்சா. ‘நீங்க என்ன வேலை பாக்கீங்க?’ன்னா. சலூன்னேன். ‘அப்ப தலையை நல்லாப் பிடிப்பீங்க. திரும்ப வந்தா வீட்டுலயே இதே மாதிரி, இதே வலது பக்கத்துக்கு, மெதுவாச் செய்யலாம்’னு சொல்லிட்டா. டாக்டரே சொல்லிட்டா சார், நல்லாப் பிடிப்பீங்கன்னு. அதுக்கு மேல என்ன வேணும்? இன்னும் என்னவோ சொன்னா. பேச்சு குழறினா, நடை தள்ளாடினா, கை கால் மரத்துப்போனா உடனே தூக்கிட்டு வாங்க, கழுத்தை நெட்டி முறிக்கிற வேலையெல்லாம் வச்சுக்கிடாதீங்கன்னு. எல்லா டாக்டரும் கடைசியில நாலு வார்த்தை பயங்காட்டித்தான் அனுப்புவாங்க. அதைப் போயி ஆவுடை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா பாருங்க.

கன்னத்தைக் கொஞ்சம் உப்புங்க. ஆங்.

பங்குனி பொறந்ததும் திரும்ப வந்துச்சு. நான் பதறலை. கட்டில்ல உக்கார வச்சேன், தலையைப் பிடிச்சேன், திருப்பினேன், சாச்சேன். ஒண்ணு சொல்லட்டுமா சார்? கல்யாணம் ஆகி மக கல்யாணத்தையும் முடிச்சாச்சு. இந்த ஊர்ல எத்தனை ஆம்பளைத் தலையை நான் பிடிச்சிருப்பேன், கணக்கே கிடையாது. எவனுக்கு உச்சியில சுழி ரெண்டு, எவனுக்குப் பிடரியில மச்சம், எல்லாம் கைக்குத் தெரியும். எம் பொஞ்சாதி தலையை நான் கையில பிடிச்சது அன்னிக்குத்தான். பின்னந்தலையில ஒரு தழும்பு தட்டுச்சு. இது எப்பட்டிங்கேன். சின்னப் பிள்ளையில கிணத்துப் படியில விழுந்ததுங்கா. அதுகூட எனக்குத் தெரியாது. பாரம் பூராத்தையும் என் கையில விட்டுட்டு அண்ணாந்து என்னையே பாக்கா. கண்ணு துடிச்சு அடங்கினதும், ‘நின்னுபோச்சு’ன்னு சொல்லிச் சிரிச்சா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த ஒரு சிரிப்புக்காக எத்தனை நாள் வேணும்னாலும் அவளுக்குத் தலை சுத்தட்டும்னு தோணுச்சு.

அதுக்கப்புறந்தான் நம்ம தேங்காய்க் கடை ஆறுமுகநயினார் ஒருநாள் முடி வெட்ட வந்தாரு. குனிஞ்சு நிமிந்தா கிறக்கமா வருதுன்னாரு. உக்காருங்க அண்ணாச்சின்னேன். இந்தச் சேரைப் பாருங்க, தலை வைக்கிற மெத்தையைக் கழட்டிட்டா, ஆளைப் படுக்க வச்சதும் தலை தன்னால பின்னால தொங்கும். ஆஸ்பத்திரிக் கட்டில்கூட இவ்வளவு தோதா இருக்காது. செஞ்சேன். எந்திரிச்சவரு தலையை அப்படி இப்படி ஆட்டிப் பார்த்துட்டு, ‘ஏ, இல்லைய்யா!’ன்னாரு. அவருக்கு இருக்கிறது ஒரு வாய்தான். ஆனா அந்த வாய் பஜார் பூராச் சுத்தி வந்துருமே.

வர ஆரம்பிச்சாங்க. சுரண்டையில இருந்து வந்தான், கழுகுமலையில இருந்து வந்தான். முடி வெட்ட வந்தவன் வெளியில நிக்கான், தலைச்சுத்துக்காரன் உள்ள உக்காந்திருக்கான். நான் என்ன செஞ்சேன், டாக்டரம்மா முறையோட நம்ம கை முறையையும் கொஞ்சம் சேர்த்தேன். எல்லாம் முடிஞ்சு எந்திரிக்க வச்சதும், தாடையில ஒரு கை, பிடரியில ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. கடைசியில ஒரு சொடக்கு. சத்தம் வாசல்ல நிக்கிறவனுக்குக் கேட்கும். அது இல்லாம எப்படி சார்? சாப்பாட்டை முடிச்சுட்டு மோர் ஊத்தாம எந்திரிக்கச் சொன்ன மாதிரி இருக்கும். சும்மா தலையைத் திருப்பி உக்கார வச்சா, ‘இவ்வளவுதானா?’ன்னு பாக்கான். சொடக்கு விழுந்ததும் முகத்துல ஒரு தெளிச்சி வருது. ரெண்டு மூணு பேரு பின்னால வந்து கழுத்து வலிக்குன்னாங்க. பழக்கம் இல்லாத உடம்பு, வலிக்கத்தான் செய்யும்.

போர்டு எழுதினது அப்பத்தான். ஆவுடை சாப்பாடு கொண்டாந்தவ அதைப் பார்த்துட்டு வாசல்லயே நின்னுட்டா. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சா. ‘டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்துட்டுத்தான செஞ்சாங்க? நீங்க யாரு கண்ணையாவது பாக்கீங்களா? பசியில கிறக்கம் வந்தவன், சீனி நோவுல கிறக்கம் வந்தவன், எல்லாத்துக்கும் ஒரே திருப்பா? போதாததுக்குக் கழுத்தை வேற முறிக்கீங்க. அது வேண்டாம்னு சொல்லித்தான விட்டாங்க?’ன்னா. நாங்க ஆளைக் கண்ணாடியிலதான் பார்ப்போம் சார், பின்னால நின்னு. முன்னால போயி ஒருத்தன் கண்ணை உத்துப் பார்த்தா நல்லாவா இருக்கும்? உனக்கு என்னளா தெரியும், உனக்குச் சரி பண்ணினது இந்தக் கைதானேன்னேன். அவ சோத்தைப் போட்டு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

பொம்பளைகளுக்கு நம்ம பேரு பெருகுறது பிடிக்காது. வேற என்ன?

ஆடி வந்துச்சு. எங்க ஊருக்கு ஆடித்தபசுதான் பெருசு. கொடியேறிட்டா சனம் ஆடிச்சுத்து சுத்தும். கோயிலைச் சுத்திச் சுத்தி வருவாங்க, நேர்ந்துக்கிட்ட கணக்குக்கு. தலைச்சுத்து போயிட்டா சுத்துறேன்னு அம்மனுக்கு ஆவுடை நேர்ந்திருந்தா. எனக்குத் தெரியாமயே நேர்ந்திருக்கா. வெயில்ல காலையில இருந்து சுத்தினா. நானும் விட்டுட்டேன். அம்மன் காரியம், வேண்டாம்னு சொல்ல முடியுமா? இப்பச் சொல்லுதேன், எல்லாம் அதுல வந்த வினை. அதை எவனும் ஒத்துக்கிட மாட்டேங்கான்.

சாயந்தரம் நேரா கடைக்கு வந்தா. திருவிழாக் கூட்டம், கடை நிறைய ஆளு. வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு, ‘லேசாச் சுத்துற மாதிரி இருக்கு, வீட்டுச் சாவியைத் தாங்க, போய்ப் படுக்கேன்’னா. எல்லாரும் என்னைப் பாக்காங்க சார். தலைச்சுத்து வைத்தியன் பொஞ்சாதிக்கே தலைச்சுத்து. நான் சாவியைக் குடுத்து அனுப்பினா நாளைக்கு என்ன பேசுவான்? வா, உக்காருன்னேன். ‘இங்க வேண்டாம், இத்தனை ஆம்பளைக முன்னால என்னது’ன்னா. கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். நீங்க உக்காந்திருக்கிற இந்தச் சேர்தான். படுக்க வச்சேன். சேலையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. கண்ணைத் தொறன்னேன், மாட்டேன்னுட்டா. சரி, போ. திருப்ப வேண்டியதைத் திருப்பினேன். உக்கார வச்சேன். தாடையில கை வச்சதும் என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. ‘கடைசியில அது வேண்டாம்ங்க’ன்னா. மெதுவாத்தான் சொன்னா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வாசல்ல அத்தனை பேரு நிக்கான். செஞ்சேன். என் ஆயுசுல அப்படி ஒரு சொடக்கு விழுந்தது இல்ல. ஒருத்தன் கையே தட்டிட்டான். ஆவுடை பிடரியில கையை வச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம எந்திரிச்சு வீட்டைப் பார்த்து நடந்தா.

தாடையைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆடாதீங்க சார், பிளேடு கையில இருக்கு.

மறுநாள் காலையில எந்திரிக்கலை. பின்கழுத்துல கத்தியை வச்சு இழுக்கிற மாதிரி வலிக்குன்னா. வெயில்ல சுத்தின சூடுன்னு நல்லெண்ணெய் தேச்சு விட்டேன். கொஞ்ச நேரத்துல சுத்துதுன்னா. படுக்க வச்சுத் திருப்பினேன். நிக்கலை. திரும்ப ஒரு தடவை. நிக்கலை. கடையில ஆளு உக்காந்திருக்கு, திருவிழா நேரம். அங்க போறேன், ரெண்டு பேரைப் பாக்கேன், ஓடி வாரேன், அவளைத் திருப்புதேன். வீடு கடைக்குப் பின்னாலதான். கக்கூஸுக்குப் போணும்னா. எந்திரிச்சவ ஒரு பக்கமாவே சாஞ்சு சாஞ்சு போயிச் சுவத்துல முட்டுதா. தண்ணி குடுத்தா மூக்கு வழியா வருது. பேச்சு வெத்தலை மென்னுக்கிட்டுப் பேசுற மாதிரி வருது. பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா எட்டிப் பார்த்துட்டு, ‘ஏ நாயகம், இது அந்தத் தலைச்சுத்து இல்லடா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு’ன்னு மாரடிச்சா.

ஆம்புலன்ஸுன்னா சும்மாவா வரும்? ஊரைக் கூட்டிக்கிட்டு வரும். கடை வாசல்ல வந்துதான் நிக்கணும், வீட்டுக்கு வேற வழி கிடையாது. உள்ள அத்தனை பேரு தலைச்சுத்துக்கு என்னைத் தேடி வந்து உக்காந்திருக்கான். அவன் முன்னால எம் பொஞ்சாதியைத் தலைச்சுத்துன்னு தூக்கிட்டுப் போனா, அந்தப் போர்டுக்கு என்ன மரியாதை? அந்தி சாயட்டும், கூட்டம் கலையட்டும், நானே கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். போறேன்னுதான் சொன்னேன். மாட்டேன்னு சொல்லலை. இதையும் யாரும் காதுல வாங்க மாட்டேங்காங்க.

மத்தியானம் செண்பகம் போன் பண்ணினா. அம்மாகிட்ட குடுங்கன்னா. குடுத்தேன். இவ என்னமோ சொல்லுதா, ஒரு வார்த்தையும் வார்த்தையா இல்ல. போனை வாங்கினேன். மக அழுதுக்கிட்டே, ‘அப்பா, அம்மா பேச்சு ஒரு மாதிரி இருக்குப்பா, டாக்டரம்மா இதைத்தான சொன்னாங்க, உடனே கொண்டு போங்கப்பா’ங்கா. தூக்கக் கலக்கம்னேன். அவ அதுக்குள்ள கம்பெனியில சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டா. பொழுது சாயுறதுக்குள்ள வந்து நின்னா. நான் அப்பவும் ஆவுடையை மடியில போட்டுத் திருப்பிக்கிட்டுதான் இருந்தேன். சொடக்கும் எடுத்தேன், எடுக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு மனுசன் தன் பொஞ்சாதியைக் காப்பாத்த இதுக்கு மேல என்ன செய்வான்? மக வந்த வேகத்துல என் கையைத் தட்டி விட்டா சார். அப்பனைக் கை நீட்டினா.

திருநெல்வேலியில ஸ்கேன் எடுத்தாங்க. ஒரு சின்னப் பையன் டாக்டரு. எங்களைக் கூப்பிட்டு, ‘இவங்க கழுத்தை யாராவது திருப்பினாங்களா? வேகமா?’ன்னான். நான் முன்னால போனேன். நான்தான் சார், முறைப்படி படிச்சது, காது டாக்டரம்மாவே எனக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். கடைசியில ஒரு சொடக்கு, அது நம்ம கை முறைன்னும் சொன்னேன். அவன் எழுதிக்கிட்டு இருந்தவன் நிறுத்திட்டான். என் கையைப் பார்த்தான். அப்புறம் என்னை விட்டுட்டு மக கிட்டதான் பேசினான். கழுத்து எலும்புக்குள்ள மூளைக்கு ஏறுற ரத்தக் குழாய் கிழிஞ்சிருக்காம். அங்க ரத்தம் உறைஞ்சு, மேல போயி, மூளையோட பின்பக்கத்தை அடைச்சிருச்சாம். காலையிலயே கொண்டாந்திருந்தா வேறயா இருந்திருக்கும்னு சொன்னான். செண்பகம் நின்ன வாக்குலயே தரையில உக்காந்துட்டா.

நான் கேட்டேன் சார், கேட்காம இல்ல. வெயில்ல அத்தனை சுத்துச் சுத்தினாளே, அதுல கிழிஞ்சிருக்கக் கூடாதான்னு. அவன் பேனாவை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். படிச்சவன் பதில் தெரியலைன்னா அப்படித்தான் எந்திரிச்சுப் போயிருவான்.

உசுரு தப்பிச்சா. ஆனா பேச்சு இல்ல. ஒரு பக்கம் கை காலுக்கு அசைவு இல்ல. சாப்பாடு மூக்குல சொருகின குழாய் வழியாத்தான். ஆஸ்பத்திரியில இருந்து என் வீட்டுக்குக் கொண்டு வரலை, நேரா ராஜபாளையத்துக்குக் கொண்டு போயிட்டா மக. மறுநாள் வந்து இந்தச் சுவத்துல வெள்ளையை அடிச்சா. என் கையைப் பிடிச்சுத் தன் தலையில வச்சுச் சத்தியம் வாங்கினா. ஊர்லயும் சொல்லிட்டா, எதையும் மறைக்கலை. இப்பப் பாருங்க, ஆறுமுகநயினாரு எதிர்த்த கடையில உக்காந்து பேப்பர் படிக்காரு. முதல் முதல்ல என் கையில சொகமானவரு. என்னைப் பார்த்தா பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிடுதாரு. நன்றி கெட்ட சனம்.

அது போகட்டும். சவத்தைத் தள்ளுங்க. எனக்கு ஆவுடைதான் வேணும்.

நான் போய்ப் பாக்காம இல்ல. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான லீவு, போன வாரமும் சாயந்தரமாப் போனேன். வாசல்லயே செண்பகம், ‘தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போங்க, தொடக் கூடாது’ன்னா. கட்டின பொஞ்சாதியைத் தூரத்துல நின்னு பார்த்தேன். அப்பத்தான் சார் ஒண்ணைக் கவனிச்சேன். அவ அண்ணாந்து படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. நான் ‘ஆவுடை’ன்னு கூப்பிட்டதும், தலையை மெள்ள மெள்ள, எவ்வளவு சிரமப்பட்டுத் தெரியுமா, சுவத்தைப் பார்த்துத் திருப்பிக்கிட்டா. வலது பக்கம். திரும்பக் கூப்பிட்டேன். இன்னும் திருப்பினா. கண்ணையும் மூடிக்கிட்டா.

வலது பக்கம் சார்! உங்களுக்குப் புரியுதா? டாக்டரம்மா முதல்ல திருப்பினது அந்தப் பக்கந்தான். எந்த நிலையில கிடந்தாலும் அவ அதை மறக்கலை. வாய்தான் போச்சு, புத்தி போகலை. நான் வந்தது தெரிஞ்சதும் தலையைத் திருப்பிக் காட்டுதா, ‘நான் தயார், நீங்க செய்யுங்க’ன்னு. என்னை நம்புதா சார். ஊரு நம்பலை, பெத்த மக நம்பலை, அவ நம்புதா. செண்பகத்துகிட்ட சொன்னேன், பாரு, அம்மாவே கேக்கான்னு. அவ ஓன்னு அழுதுட்டா. அழுதுக்கிட்டே என்னைத் தள்ளி வெளியில விட்டுக் கதவைச் சாத்திட்டா. அவளுக்கு அவ அம்மா பாசை புரியலை.

படிகாரம் போடுதேன், லேசா எரியும். கண்ணை மூடிக்கிடுங்க.

நாளைக்குச் செவ்வாய். நானும் இதே ராஜபாளையம் வண்டியிலதான் போறேன். காலையில மக வேலைக்குப் போயிருவா, மருமகனும் போயிருவாரு. சம்பந்தியம்மா மட்டுந்தான் வீட்டுல, மத்தியானம் சாப்பிட்டா அது நல்லாத் தூங்கும். ஒரே ஒரு தடவை சார். ஒழுங்கா, அவசரப்படாம. அன்னிக்குக் கடையில ஆள் நிக்கிறானேன்னு கை கொஞ்சம் அவசரப்பட்டுருச்சு, வேற ஒண்ணும் இல்ல. கடைசியில ஒரு சொடக்கு, எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துரும். பங்குனியில சிரிச்ச மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பா, பாருங்க.

என்ன சார், கழுத்தை இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க? கல்லு மாதிரி இருக்கு. தளர விடுங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். முதல்லயே சொன்னேன்ல, மக தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன், மீற மாட்டேன். இந்தக் கடையில யாரு கழுத்தையும் திருப்ப மாட்டேன்னு சொன்னேன். இந்தக் கடையிலன்னுதான் சொன்னேன்.